பழைய டிராக்டர் இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட் போயிடுச்சா? கழட்டுறதுல இருந்து திரும்ப ஸ்டார்ட் பண்ற வரைக்கும் முழு வழிகாட்டி

ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கேஸ், தண்ணி, ஆயில் கசியாம அடைக்கிற தகடு) தானா போறது ரொம்ப அபூர்வம், ஏதோ ஒண்ணு அதைப் போக வச்சிருக்கும். தண்ணி இல்லாம ஓடியிருக்கும், ரேடியேட்டர் அடைச்சிருக்கும், ஹெட் வளைஞ்சிருக்கும், லைனர் (பிஸ்டன் ஓடுற குழாய்) உள்ள இறங்கியிருக்கும். அது என்னன்னு பாக்காம புதுசை மாட்டினா சீக்கிரமே அதே வேலையைத் திரும்பப் பண்ண வேண்டி வரும். நான் பண்ணிருக்கேன். முதல் தடவை ஒரு மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின்ல சுத்தமா துடைச்சு, டார்க் (போல்ட்டை முடுக்குற இறுக்க அளவு) வச்சு முடுக்கி, எல்லாம் சரியா பண்ணிட்டோம்னு தான் நினைச்சேன், ஆனா லைனர் உயரத்தை மட்டும் அளக்கல, சில வாரத்துல நடு சிலிண்டர்கிட்ட அதே இடத்துல திரும்ப போயிடுச்சு. அதனால இதுல ஸ்பேனர் பிடிக்கிறதை விட அளக்குறதைப் பத்தியும் பாக்குறதைப் பத்தியும் தான் அதிகமா எழுதியிருக்கேன்.

முதல்ல, நிஜமாவே கேஸ்கெட் தானா?

வெளிய எங்கயும் ஒழுகாம ரேடியேட்டர்ல தண்ணி குறையுது, இன்ஜின் சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்கல, லோடு குடுத்தா சட்டுனு சூடாகுது, ஒரு சிலிண்டர் மிஸ் ஆகுது, டிப் ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கு. இதுல ஒண்ணு ரெண்டு இருந்தா சந்தேகப்படலாம், ஆனா உடனே ஹெட்டைக் கழட்ட இறங்காதீங்க.

இன்ஜின் முழுக்க ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணியை வாய் வரைக்கும் ரொப்புங்க, மூடி இல்லாமயே ஸ்டார்ட் பண்ணி பாருங்க. சூடா இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது, உள்ள இருக்குற தண்ணி பீறிட்டு முகத்துல அடிக்கும். ஸ்டார்ட் ஆன கையோட தண்ணில முட்டை முட்டையா காத்து வந்து, ஆக்சிலேட்டர் ஏத்த ஏத்த அது கூடினா, சிலிண்டர் கேஸ் தண்ணி வழிக்குள்ள போகுதுன்னு அர்த்தம். எந்த சிலிண்டர்னு தெரியணும்னா ஐடில்ல ஓடும்போது ஒவ்வொரு நாசில் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற பாகம்) பைப் நட்டா அரை சுத்து லூஸ் பண்ணி பாருங்க, மேல ஒரு துணியைப் போட்டுக்கோங்க. எதை லூஸ் பண்ணும்போது முட்டை குறையுதோ அந்த சிலிண்டர். டீசல் பீச்சுற இடத்துல மட்டும் விரலை வைக்காதீங்க, அந்த பிரஷர்ல டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், வெளிய சின்ன புள்ளியா தெரிஞ்சாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

ஆயில்ல தண்ணி கலந்திருந்தா இன்னும் கவனமா இருக்கணும். பழைய டிராக்டர்ல நிறைய வெட் லைனர் இன்ஜின், அதாவது லைனரைச் சுத்தி நேரா தண்ணி நிக்கும், கீழ ஓ ரிங் தான் அதை சம்புக்குள்ள (இன்ஜின் அடில இருக்குற ஆயில் தொட்டி) போகாம தடுக்குது. அந்த ஓ ரிங் போனாலும் ஆயில்ல தண்ணி வரும், அதுக்கு ஹெட் கேஸ்கெட் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. இன்ஜினை ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு காலைல சம்ப் போல்ட்டை மெதுவா லூஸ் பண்ணுங்க, தண்ணி கனமா அடில தங்கியிருக்கும், ஆயிலுக்கு முன்னாடி அது தான் சொட்டும். தண்ணி இருக்குன்னு உறுதியானா சம்பைக் கழட்டி, ரேடியேட்டர்ல தண்ணியை அப்படியே விட்டு, கீழ அட்டையை விரிச்சு வச்சு சில மணி நேரம் கழிச்சு பாருங்க. லைனரோட அடி விளிம்புல இருந்து சொட்டினா ஓ ரிங், அப்போ லைனரை வெளிய எடுக்குற வேலையும் சேர்ந்துக்கும்.

கையில என்ன இருக்கணும்

டார்க் ரெஞ்ச், ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய பிளேடு செட்), வளையாத நேரான இரும்பு ஸ்கேல் (ஸ்ட்ரெய்ட் எட்ஜ்னு கேட்டா குடுப்பாங்க), சாக்கெட் செட், பிளாஸ்டிக் இல்லனா பித்தளை ஸ்கிரேப்பர், ஹெட் போல்ட்டோட மரைக்குப் பொருந்துற டேப் (மரை வெட்டுற கருவி). இது போக அந்த இன்ஜினோட சர்வீஸ் மேனுவல். அதுல இருந்து நாலு விஷயத்தை பெரிய எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி கண்ணு முன்னாடி ஒட்டிடுங்க: ஹெட் டார்க் எவ்ளோ, எந்த வரிசையில முடுக்கணும், டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கருக்கும் நடுவுல விடுற இடைவெளி) எவ்ளோ, லைனர் பிளாக்குக்கு மேல எவ்ளோ எட்டி நிக்கணும். பழைய மேனுவல்ல டார்க் ஃபுட் பவுண்ட்லயோ கிலோகிராம் மீட்டர்லயோ இருக்கும், உங்க ரெஞ்ச்ல நியூட்டன் மீட்டர் இருக்கும். 60 ஃபுட் பவுண்ட்னா 81 நியூட்டன் மீட்டர், 8.3 கிலோகிராம் மீட்டர். இதைக் குழப்பிக்கிட்டு 60 ஃபுட் பவுண்ட் இருக்க வேண்டிய இடத்துல 60 நியூட்டன் மீட்டர் வச்சு விட்டா அந்த கேஸ்கெட் நிக்காது.

கழட்டுறது

பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க, டீசல் டேப்பை மூடுங்க. தண்ணியை ரேடியேட்டர்ல மட்டும் வடிச்சா போதாது, பிளாக்ல தனியா ஒரு டிரெயின் டேப் இருக்கும், அது துருவும் சேறும் சேர்ந்து அடைச்சிருக்கும், திறந்தும் தண்ணி வரலன்னா ஒரு கம்பியை விட்டு குத்துங்க. பிளாக்ல தண்ணியோட ஹெட்டைத் தூக்கினா அவ்ளோ தண்ணியும் சிலிண்டர்ல தான் இறங்கும். ஆயிலையும் வடிச்சிடுங்க.

அடுத்து பானெட், ஏர் கிளீனர் ஹோஸ், சைலன்சர், மேல் ரேடியேட்டர் ஹோஸ், சில வண்டில இன்ஜினுக்கு மேலயே டேங்க் இருக்கும், அதையும். நாசில் பைப்பையும் ரிட்டர்ன் பைப்பையும் கழட்டினதும் பம்ப் வாயையும் பைப் வாயையும் சுத்தமான பிளாஸ்டிக்கால மூடிடுங்க, பம்புக்குள்ள ஒரு மணல் துகள் போனாலும் அது தனி செலவு. நாசிலை வெளிய எடுத்துடுங்க, அடில இருக்குற செம்பு வாஷர் நாசிலோட வரலன்னா ஓட்டைக்குள்ளயே ஒட்டியிருக்கும், அதையும் எடுக்கணும், இல்லனா புது வாஷர் போடும்போது ரெண்டா ஆகிடும்.

ராக்கர் கவரைத் திறந்து, ராக்கர் அசெம்பிளியோட போல்ட்டை ஒண்ணை மட்டும் முழுசா கழட்டாம எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சமமா லூஸ் பண்ணுங்க, ஸ்பிரிங் அழுத்தத்துல ஷாஃப்ட் வளையக் கூடாது. புஷ் ராடை (டேப்பெட்டுல இருந்து ராக்கரைத் தள்ளுற கம்பி) எடுக்கும்போது லேசா திருகி ஆட்டி எடுங்க, நேரா இழுத்தா அடில ஆயில் பிடிப்புல டேப்பெட்டும் கூடவே மேல வந்துடும். ஒரு அட்டைப் பெட்டில வரிசையா ஓட்டை போட்டு, எது எங்க இருந்ததோ அதே வரிசையில குத்தி வைங்க, அது அது அதோட டேப்பெட்டோட தேஞ்சு பழகினது.

ஹெட் போல்ட்டை முடுக்குற வரிசைக்கு நேர் எதிரா, ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வாங்க. முதல் சுத்துல எல்லாத்தையும் கால் சுத்து மட்டும், அப்புறம் இன்னொரு கால், அதுக்கு அப்புறம் தான் முழுசா. இன்ஜின் சூடா இருக்கும்போது இதைப் பண்ணவே கூடாது, ஹெட் வளையும்.

ஹெட் வரலன்னா (பழைய வண்டில பெரும்பாலும் வராது) நடுவுல உளியோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டு நெம்பாதீங்க. அந்த ஒரு நெம்புல ஹெட் முகத்துல (பிளாக்கோட சேர்ற தட்டையான பக்கம்) விழுற கீறல் வழியா தான் அடுத்த கசிவு வரும். முதல்ல ஒரு போல்ட், ஒரு நட்டு எங்கயாவது மறந்து போச்சான்னு பாருங்க. ஸ்டட்டு டைப்னா துரு தான் பிடிச்சு வச்சிருக்கும், ஸ்டட்டைச் சுத்தி துரு ஆயிலை விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க, அடுத்த நாள் ஹெட்டோட பக்கவாட்டுல கட்டையை வச்சு சுத்தியால தட்டிக்கிட்டே வந்தா விட்டுடும். வார்ப்பிரும்பு ஹெட் நல்ல கனம், ரெண்டு பேர் இருங்க, இல்லனா செயின் பிளாக் போட்டு நேரா மேல தூக்குங்க. இறக்கும்போது மரக்கட்டை மேல வைங்க, முகத்தைத் தரையில வச்சு இழுக்காதீங்க.

இன்னொண்ணு, ஹெட் எடுத்த பிறகு வெட் லைனர் இன்ஜினைச் சுத்தாதீங்க. ஹெட் அழுத்தம் இல்லாததால பிஸ்டன் மேல வரும்போது லைனரையும் தூக்கிட்டு வந்துடும், கீழ ஓ ரிங் அசைஞ்சு கிழிஞ்சு புதுசா ஒரு கசிவு ஆரம்பிக்கும். சுத்தியே ஆகணும்னா பெரிய வாஷரும் போல்ட்டும் வச்சு லைனர் விளிம்பை அழுத்திப் பிடிச்சுட்டு சுத்துங்க.

துடைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க

எல்லாரும் அவசரப்படுற இடம் இது. கேஸ்கெட்டை உரிச்சு குப்பைல போட்டுட்டு ஸ்கிரேப்பரை எடுப்பாங்க. பழைய கேஸ்கெட்டை வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க. சிலிண்டரைச் சுத்தி இருக்குற வளையத்துல இருந்து தண்ணி ஓட்டை வரைக்கும் கருப்பா ஒரு கோடு ஓடியிருந்தா கேஸ் அந்த வழியா தான் போயிருக்கு. ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல எரிஞ்சு போயிருந்தா அந்த ரெண்டுக்கும் கம்ப்ரஷன் ஒண்ணுக்கொண்ணு கசிஞ்சிருக்கு. தண்ணி ஓட்டையைச் சுத்தி அரிச்சு தின்னிருந்தா கூலன்ட் போடாம வெறும் உப்புத் தண்ணியிலயே ஓடின வண்டி. அப்புறம் பிஸ்டன் தலைங்களைப் பாருங்க. என் இன்ஜின்ல ஒண்ணும் மூணும் கரி படிஞ்சு மங்கலா கருப்பா இருந்துச்சு, நடு பிஸ்டன் மட்டும் யாரோ கழுவி வச்ச மாதிரி பளிச்சுனு அலுமினியம் தெரிஞ்சுது. தண்ணி உள்ள போய் ஆவியாகி ஆவியாகி கரியை முழுக்க உரிச்சு எடுத்திருக்கு. எந்த சிலிண்டர்ல தண்ணி போச்சுன்னு சொல்ல அதை விட நல்ல சாட்சி கிடையாது. எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுட்டு அப்புறம் துடைங்க.

சுத்தம் பண்றது

பழைய காலத்து கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு நிறைய, அதைக் காஞ்ச நிலையில கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சா தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மாஸ்க் போட்டு, ஸ்கிரேப்பரால மெதுவா உரிச்சு, கவர்ல கட்டி போடுங்க. சிலிண்டர், ஆயில் ஓட்டை, புஷ் ராடு ஓட்டை எல்லாத்துலயும் துணியைத் திணிச்சுக்கோங்க. பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவுல இருக்குற இடுக்குல சுத்தி கொஞ்சம் கிரீஸ் தடவிட்டா விழுற துகள் அதுல ஒட்டிக்கும், கடைசில கிரீஸோட சேர்த்து வழிச்சு எடுத்துடலாம். கிரைண்டர்ல எமரி டிஸ்க் மாட்டி ஓட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா அங்கங்க பள்ளம் விழுந்திருக்கும், அந்த எமரித் தூள் ஆயிலோட சேர்ந்து பேரிங்கைத் தின்னுடும்.

போல்ட் ஓட்டைகளுக்கு தனி கவனம் குடுங்க. டேப்பைக் கையால மெதுவா விட்டு மரையைச் சுத்தம் பண்ணி, உள்ள இருக்குற தண்ணி, ஆயில், தூள் எல்லாத்தையும் காத்தடிச்சு வெளிய எடுங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. அடி மூடின ஓட்டைல தண்ணி தேங்கியிருக்கும்போது போல்ட்டை முடுக்கினா அந்தத் தண்ணிக்கு போக வழியில்ல, டார்க் ரெஞ்ச் சொடுக்கும் ஆனா ஹெட் அழுந்தியிருக்காது, இன்னும் முடுக்கினா பிளாக்கே வெடிச்சு போகலாம். போல்ட்டுங்களையும் வரிசையா வச்சு பாருங்க, நடுவுல மெலிஞ்சிருந்தாலோ, புது நட்டு கையால முழு மரைக்கும் ஓடாம நடுவுல பிடிச்சாலோ அது இழுபட்டுப் போனது, மாத்துங்க.

அளக்குறது

ஸ்ட்ரெய்ட் எட்ஜை ஹெட் முகத்துல நீளவாக்குல ரெண்டு ஓரத்துலயும், குறுக்கா மூணு நாலு இடத்துலயும், மூலைக்கு மூலை ரெண்டு தடவையும் வச்சு அடில ஃபில்லர் கேஜ் நுழையுதான்னு பாருங்க. மேனுவல்ல இருக்குற அளவு தான் கணக்கு, பொதுவா பழைய வார்ப்பிரும்பு ஹெட்ல நீளவாக்குல 0.1 மி.மீ. தாண்டினா லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் எடுக்கணும் (சீவி சமமாக்கணும்). ஆனா எவ்ளோ எடுக்கலாம்னு ஒரு எல்லை இருக்கு, எடுக்க எடுக்க வால்வு பிஸ்டன் கிட்ட வரும், அதனால முகம் எடுத்தா வால்வு எவ்ளோ உள்ளடங்கி இருக்கணுமோ அதையும் சேர்த்து பாத்து வாங்குங்க. இதே மாதிரி பிளாக் முகத்தையும் அளங்க, ஹெட்டை மட்டும் அளந்துட்டு விடுறவங்க தான் அதிகம்.

ஹெட்ல விரிசல் இருக்கான்னு ரெண்டு வால்வுக்கு நடுவுல இருக்குற குறுகலான இடத்துலயும் வால்வு சீட்டுல இருந்து நாசில் ஓட்டைக்குப் போற இடத்துலயும் முதல்ல பாருங்க. கண்ணுக்குத் தெரியாததை டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டுற சாயம்) அடிச்சு பாக்கலாம், பட்டறைல தண்ணி பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்றது இன்னும் நல்லது. ஹெட் வெளிய இருக்கும்போதே வால்வு லேப் பண்ணிடுங்க (பேஸ்ட் தடவி சீட்டோட சேர்த்து தேய்க்கிறது), தண்ணி வழில படிஞ்ச உப்பையும் சுரண்டி எடுங்க.

லைனர் உயரம் தான் என்னைக் கவுத்தது. நிறைய வெட் லைனர் இன்ஜின்ல லைனர் விளிம்பு பிளாக் முகத்தை விட ஒரு துளி, 0.05ல இருந்து 0.15 மி.மீ. மாதிரி, எட்டி நிக்கணும். அந்தத் துளி தான் கேஸ்கெட் வளையத்தைக் கடிச்சுப் பிடிக்குது, டீசல் எரியும்போது வர 60 பாருக்கும் மேலான பிரஷரை அந்தக் கடி தான் தாங்குது. ரெண்டாவது தடவை கழட்டினப்போ ஸ்ட்ரெய்ட் எட்ஜை மூணு லைனர் மேலயும் சேர்த்து வச்சேன், ஒண்ணு மேலயும் மூணு மேலயும் கச்சிதமா உக்காந்துச்சு, நடுவுல 0.05 பிளேடு தடையே இல்லாம வழுக்கிட்டு போச்சு. அவ்ளோ தான், ஒரு பேப்பர் கனம் கூட இல்ல. லைனரை எடுத்து பாத்தா பிளாக்ல அது உக்கார்ற படி தேஞ்சிருந்துச்சு, அதைச் சுத்தம் பண்ணி அடில ஷிம் (மெல்லிய தகடு வளையம்) போட்டு, புது ஓ ரிங் மாட்டி இறக்கினதும் சரியாச்சு. சில சமயம் படியில துரு சேர்ந்து லைனர் அளவுக்கு மேல எட்டி நிக்கும், அதுவும் தப்பு தான், விளிம்பு உடையும்.

புது கேஸ்கெட்டை வைக்கிறது

பழசு மேல புதுசை வச்சு ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப் பாருங்க, ஒரே இன்ஜின் பேருக்கு ரெண்டு மூணு விதமா வரும். மேல் பக்கம்னும் முன் பக்கம்னும் அதுலயே எழுதியிருக்கும், எழுதலன்னா ஆயில் ஓட்டையும் தண்ணி ஓட்டையும் எந்தப் பக்கம் வச்சா சரியா திறந்திருக்குன்னு பாத்து வைங்க. இப்போ வர கேஸ்கெட் பெரும்பாலும் எதுவும் தடவாம காஞ்ச நிலையிலயே வைக்கணும், கேஸ்கெட்டோட வர பேப்பர் வேற சொன்னா மட்டும் அதன்படி. பழைய போல்ட் ரெண்டை தலையை வெட்டி, ஸ்க்ரூ டிரைவர் போட ஒரு வெட்டு வச்சு, மூலைக்கு ஒண்ணா கையால மாட்டினா ஹெட் நேரா இறங்கும், கேஸ்கெட் நகராது.

மரையிலயும் வாஷர் அடியிலயும் லேசா இன்ஜின் ஆயில் தொட்டு வைங்க (உலர்ந்த மரைன்னு மேனுவல் சொன்னா விட்டுடுங்க). நடுவுல ஆரம்பிச்சு சுத்தி சுத்தி வெளிய போற வரிசை, மூணு கட்டமா. 60 ஃபுட் பவுண்ட்னா முதல்ல எல்லாம் 20, அப்புறம் எல்லாம் 40, அப்புறம் 60. ரெஞ்சை வெட்டி இழுக்காம ஒரே சீரா இழுங்க. ஒரு போல்ட் மட்டும் டார்க் ஏறாம சுத்திக்கிட்டே இருந்தா நிறுத்துங்க, மரை பிச்சுக்கிட்டு வருது.

புஷ் ராடு ஒவ்வொண்ணும் டேப்பெட் குழில உக்காந்திருக்கான்னு விரலால ஆட்டிப் பாத்துட்டு ராக்கரை சமமா முடுக்குங்க. டேப்பெட் கிளியரன்ஸ் வைக்க எந்த இன்ஜினுக்கும் ஒத்து வர வழி: ஒரு சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிச்சு இன்லெட் திறக்க ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்துங்க, அங்க இருந்து கிராங்கை சரியா ஒரு முழு சுத்து சுத்தினா அந்த சிலிண்டரோட ரெண்டு வால்வும் மூடியிருக்கும், ரெண்டையும் வச்சுடலாம். பிளேடு இழுக்கும்போது லேசா பிடிச்சு வரணும். நாசிலுக்கு புது செம்பு வாஷர் போட்டு ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி சமமா முடுக்குங்க.

ஸ்டார்ட் பண்றது, அப்புறம்

புது ஆயில், புது ஃபில்டர். ஆயில்ல தண்ணி கலந்திருந்த இன்ஜின்னா இந்த ஆயிலை அரை மணி நேரம் ஓட்டிட்டு வடிச்சு திரும்ப ஒரு தடவை புதுசு ஊத்துங்க. ரேடியேட்டரை மெதுவா ரொப்புங்க, வேகமா ஊத்தினா காத்து மாட்டிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட், உப்பு இல்லாத தண்ணி. தெர்மோஸ்டாட்டை மாட்டுறதுக்கு முன்னாடி சுடுதண்ணில போட்டு அதுல பொறிச்சிருக்குற சூட்டுல திறக்குதான்னு பாத்திருக்கணும், ரேடியேட்டர் இறக்கைங்க நடுவுல அடைச்ச வைக்கோல் தூசியையும், ஃபேன் பெல்ட்டையும் இப்போவே பாத்துடுங்க, பழைய கேஸ்கெட் போன காரணம் பாதி நேரம் இங்க தான் இருக்கும்.

டீசல் ஃபில்டர்ல, அப்புறம் பம்ப்ல காத்தை வெளிய எடுத்து, கடைசியா நாசில் நட்டை லூஸ் வச்சு கிராங்க் பண்ணி முட்டை இல்லாம டீசல் வந்ததும் முடுக்குங்க. ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்கு ஆயில் வருதான்னு உடனே பாருங்க. ரேடியேட்டர்ல முதல் சில நிமிஷம் முட்டை வந்தா பயப்படாதீங்க, மாட்டியிருந்த காத்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் நிக்கணும்.

நல்லா சூடாக்கி, முழுசா ஆற விட்டு, ரீ டார்க் பண்ணுங்க (சில மேனுவல் சூட்டோட பண்ணச் சொல்லும், அப்படின்னா அப்படியே, கேஸ்கெட்டே ரீ டார்க் வேணாம்னு சொல்ற வகையா இருந்தா விட்டுடுங்க). அதே வரிசையில, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு போல்ட், கால் சுத்து லூஸ் பண்ணி திரும்ப முழு டார்க்குக்கு கொண்டு வாங்க. லூஸ் பண்ணாம வெறும் ரெஞ்சை வச்சா பழைய பிடிப்பே சொடுக்கிக் காட்டும், உண்மையான இறுக்கம் தெரியாது. ரீ டார்க் பண்ணதும் டேப்பெட்டைத் திரும்ப வைக்கணும், ஹெட் அழுந்தி இறங்கினா கிளியரன்ஸ் குறையும், வால்வு முழுசா மூடாம எரிஞ்சு போயிடும். ஒரு 25 மணி நேரம் உழைச்ச பிறகு இதே ரெண்டையும் இன்னொரு தடவை. அதுவரைக்கும் தினமும் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியையும் டிப் ஸ்டிக்கையும் திறந்து பாருங்க, தண்ணி வச்ச இடத்துலயே நின்னு ஆயில் நிறம் மாறாம இருந்தா முழு லோடு குடுக்கலாம்.